ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: வைவாவில் பாஸ், இன்டர்வியூவில் திணறல்... எங்கே சிக்கல்?

"உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்க."

படிப்பை முடித்துவிட்டு ஐடி வேலைக்குப் போகும் ஃப்ரெஷர்கள் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்வி இது. தலைப்பை எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். "டேட்டா எங்கிருந்து எடுத்தீங்க? ஏன் இந்த அல்காரிதம்? இதுல நீங்க செஞ்ச பகுதி எது?" என்று அடுத்த கேள்விகள் வரும்போதுதான் தடுமாற்றம் ஆரம்பிக்கிறது. காரணம் ரொம்ப சிம்பிள். நாலு பேர் டீம் என்று பெயர் இருக்கும். ஆனால் பல டீம்களில் அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட அந்த ப்ராஜெக்ட்டைச் செய்திருக்க மாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். சீனியரிடமிருந்து எடுத்திருப்பார்கள். இப்போது புதிதாக, ஏஐ எழுதிக் கொடுத்திருக்கும்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், பசங்களைவிடப் பெரிய ஓட்டைகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

10 கிரெடிட் என்றால் எவ்வளவு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனை எடுத்துக்கொள்வோம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் 8-வது செமஸ்டரில் 'ப்ராஜெக்ட் வொர்க் / இன்டர்ன்ஷிப்' என்ற பாடத்துக்கு 10 கிரெடிட். வாரத்துக்கு 20 பீரியட். ஒரு சாதாரண தியரி பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்தால், மூன்று பாடங்களையும் தாண்டிய எடை இந்த ஒரே ப்ராஜெக்ட்டுக்கு இருக்கிறது. செமஸ்டருக்கு 15 வாரம் என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு மாணவருக்கும் 300 பீரியட்.

கலை அறிவியல் கல்லூரிகளில் பிசிஏ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கும் கடைசி செமஸ்டரில் இதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட் உண்டு.

பேப்பரில் இது அழகான ஏற்பாடு. மற்ற எல்லாப் பாடங்களிலும் கேள்வியை வேறொருவர் கேட்பார், மாணவர் பதில் எழுதுவார். இங்கே மட்டும்தான் கேள்வியையே மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். அரியர் இல்லாமல் பாஸ் செய்து வந்த ஒருவர், தான் படித்ததை வைத்து ஏதாவது ஒன்றைக் கட்டி எழுப்ப முடியுமா என்று தானே பார்த்துக்கொள்ளும் ஒரே வாய்ப்பு.

நிஜத்தில் அந்த 8-வது செமஸ்டர் எப்படி இருக்கிறது? கேம்பஸில் வேலை கிடைத்தவர்களில் சிலர் இன்டர்ன்ஷிப்புக்காக பெங்களூருவிலோ சென்னை ஓஎம்ஆரிலோ இருப்பார்கள். வேலை கிடைக்காதவர்கள் ஆஃப்-கேம்பஸ் டிரைவ்களுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். அரியர் வைத்தவர்களுக்கு அந்தக் கவலை. ப்ராஜெக்ட்டுக்கு மிஞ்சுவது, ரிவ்யூவுக்கு முந்தைய இரண்டு ராத்திரிகள்.

'ப்ராஜெக்ட் சென்டர்' எப்படி இயங்குகிறது?

இந்த இடைவெளியில்தான் ப்ராஜெக்ட் சென்டர்கள் வளர்ந்தன. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கும் எந்தப் பெரிய ஊரிலும் போர்டைப் பார்க்கலாம். இப்போது வாட்ஸ்அப் குரூப்பிலேயே லிஸ்ட் வந்துவிடுகிறது. பிடிஎஃப் ஒன்றைத் திறந்தால் நூற்றுக்கணக்கான டைட்டில்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்வான்ஸ் கட்டினால், முதல் ரிவ்யூவுக்கு பிபிடி, இரண்டாவது ரிவ்யூவுக்குப் பாதி கோடு, கடைசியில் முழு கோடு, ரிப்போர்ட், டெமோ வீடியோ என்று தவணை முறையில் வரும். ரிமோட் ஆப் வழியாக உங்கள் லேப்டாப்புக்குள் நுழைந்து இன்ஸ்டால் செய்தும் கொடுப்பார்கள். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்ற ஒரு மணி நேர 'எக்ஸ்பிளனேஷன்' தனி.

விலை சில ஆயிரங்களில் தொடங்கும். சென்சார், போர்டு என்று ஹார்டுவேர் சேர்ந்தால் ஏறும். நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வதால் தலைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியாது. ஆனால் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் அது சும்மா வரும் பணமில்லை. "காலேஜ்ல கட்டச் சொன்னாங்க" என்று சொல்லி வாங்கப்படும் பணம் அது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். 'ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த அமைப்புக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐ-ட்ரிபிள்-ஈ என்பது மின், மின்னணு, கணினித் துறை இன்ஜினீயர்களின் சர்வதேச அமைப்பு. ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும். மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் விற்பதில்லை. அங்கே வந்த ஒரு கட்டுரையை 'பேஸ் பேப்பர்' என்று எடுத்து, அதே தலைப்பில் ஒரு கோடு தயார் செய்து விற்பதைத்தான் இங்கே அந்தப் பெயரில் அழைக்கிறார்கள்.

99% துல்லியம்... யாருடைய வயலில்?

வாங்கிய ப்ராஜெக்ட்டோ, சுட்ட ப்ராஜெக்ட்டோ, தலைப்புகளில் ஒரு ஒற்றுமை இருக்கும். இலையில் நோய் கண்டுபிடிப்பது, சர்க்கரை நோயைக் கணிப்பது, ஃபேக் நியூஸ் பிடிப்பது, முகத்தை வைத்து அட்டெண்டன்ஸ் போடுவது. இவற்றில் இரண்டை மட்டும் பிரித்துப் பார்ப்போம். பிரச்னை எவ்வளவு ஆழம் என்று புரிந்துவிடும்.

முதலில் இலை நோய். இந்த ப்ராஜெக்ட்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படும் தரவுத் தொகுப்பின் பெயர் 'பிளான்ட் வில்லேஜ்'. 14 பயிர்களின் 54,000-க்கும் மேற்பட்ட இலைப் படங்கள் அதில் இருக்கின்றன. என்னென்ன பயிர்? ஆப்பிள், புளூபெர்ரி, செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பீச், தக்காளி, உருளை, மக்காச்சோளம், திராட்சை என்று போகிறது பட்டியல். நெல் கிடையாது. வாழை கிடையாது. கரும்பும் நிலக்கடலையும் கிடையாது. தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரியில் 'விவசாயிகளுக்கு உதவும் ஏஐ' என்று ரிப்போர்ட் எழுதிய டீமின் மாடலுக்கு நெல் இலை என்றால் என்னவென்றே தெரியாது. ஆப்பிள் இலையில் வரும் சொறி நோயை மட்டும் பிரமாதமாகச் சொல்லும்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் படங்கள் இலையைப் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. 2016-ல் இந்தத் தொகுப்பை வைத்து வெளியான பிரபலமான ஆய்வில், மாடலின் துல்லியம் 99.35% என்று வந்தது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களில் காட்டப்படுவது இந்த மாதிரி எண்தான். ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். வேறு இடங்களில், வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களை அதே மாடலுக்குக் கொடுத்தார்கள். துல்லியம் சுமார் 31 சதவீதத்துக்கு விழுந்தது. அதை மறைக்காமல் அவர்களே எழுதியும் வைத்தார்கள்.

99 எங்கே, 31 எங்கே? வெயில், நிழல், சேறு, பின்னால் தெரியும் மற்ற இலைகள், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் வயல். அங்கே மாடல் ஏன் தடுமாறுகிறது என்று தேடுவதுதான் உண்மையான ப்ராஜெக்ட். நம் ரிப்போர்ட்கள் 99-லேயே முடிந்துவிடுகின்றன.

அடுத்தது சர்க்கரை நோய். இதற்கு அதிகம் எடுக்கப்படுவது 'பிமா இண்டியன்ஸ்' தரவு. பெயரில் இண்டியன்ஸ் என்று இருப்பதால் நம்ம ஊர் நோயாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடிப் பெண்களின் தகவல்கள் அவை. மொத்தம் 768 பேர். எல்லோரும் 21 வயது நிரம்பிய பெண்கள். அதில் ஒரு காலம், அந்தப் பெண் எத்தனை முறை கர்ப்பமானார் என்பது. விளைவு, மாணவர்கள் செய்து காட்டும் வெப்சைட்டில் 50 வயது ஆண் தன் விவரத்தைப் போட வந்தாலும் 'எத்தனை முறை கர்ப்பம்?' என்ற கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

சிரிப்பாக இருக்கிறதா? இன்னும் இருக்கிறது. அந்த 768 வரிசைகளில் 374-ல் இன்சுலின் அளவு பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. உண்மையில் பூஜ்யம் இல்லை, அளவெடுக்கப்படாத இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். சிலருக்கு ரத்த அழுத்தமே பூஜ்யம்! டேட்டாவை ஒரு தடவை எக்செல்லில் திறந்து பார்த்திருந்தால்கூட இது கண்ணில் பட்டிருக்கும். பெரும்பாலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கைடும் கேட்பதில்லை, வைவாவில் எக்ஸ்டர்னலும் கேட்பதில்லை.

இந்தத் தரவுகள் கெட்டவை என்று சொல்லவில்லை. மெஷின் லேர்னிங் பழக நல்ல தொகுப்புகள்தான். பழகுவதற்கு வைத்ததை 'சமூகத்துக்கான தீர்வு' என்று அட்டை போட்டு, 10 கிரெடிட் வாங்குவதுதான் சிக்கல்.

வாங்குவது சட்டப்படி தப்பா?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். காப்பியடிப்பதைத் தடுக்க யுஜிசி 2018-ல் ஒரு ஒழுங்குமுறை கொண்டு வந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் திருத்தித் தர வேண்டும், 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து என்று கடுமையான விதிகள் அதில் இருக்கின்றன. ஆனால் எந்த எழுத்துக்கு இது பொருந்தும் என்று வரையறுக்கும் இடத்தில் அசைன்மென்ட், டேர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் போன்றவை விலக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, இளநிலை மாணவரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இந்த வலைக்குள்ளேயே வராது. கல்லூரியோ பல்கலைக்கழகமோ தானாக ஒரு விதி வைத்துக்கொண்டால் உண்டு.

விற்பவர்கள் விஷயத்திலும் இதே நிலைதான். மாணவருக்காக அவருடைய வேலையைச் செய்து விற்கும் சேவைகளைத் தடை செய்து ஆஸ்திரேலியா 2020-லும், இங்கிலாந்து 2022-லும் சட்டம் போட்டன. இந்தியாவில் 2024-ல் வந்த தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தேர்வுகளையும் நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளையும் குறிவைத்தது. கல்லூரி ப்ராஜெக்ட் அதன் எல்லைக்குள் இல்லை. அதனால்தான் ப்ராஜெக்ட் சென்டர்கள் பட்டப்பகலில் போர்டு வைத்து நடக்கின்றன.

ஏஐ வந்தபிறகு என்ன மாறியது?

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதன்பிறகு சென்டருக்குக் கொடுக்கும் காசு சிலருக்கு மிச்சம். டைட்டில், கோடு, ரிப்போர்ட், வைவா கேள்வி பதில் எல்லாம் ஒரே இடத்தில், கிட்டத்தட்ட இலவசமாக. காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் போட்டாலும் பெரும்பாலும் மாட்டாது. வேறெங்கிருந்தோ அப்படியே எடுத்த வரிகளைத்தானே அது தேடும்?

சரி, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்குவது சரியில்லை.

என்னைக் கேட்டால், ஏஐ-யைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போடுவதிலும் அர்த்தமில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் அதைப் பயன்படுத்தத்தான் சொல்லப் போகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அது எழுதிய கோடில் ஒரு தப்பு வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஏஐ ஒரு உதவியாள். தெரியாதவருக்கு அது இன்னொரு ப்ராஜெக்ட் சென்டர், அவ்வளவுதான்.

கைடு என்ன செய்கிறார்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டில் 240 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் ஒரு டீம் என்றால் 60 டீம். ஒரு டீமுக்கு ரிவ்யூவில் 20 நிமிடம் ஒதுக்கினால், ஒரு ரிவ்யூவை முடிக்க 20 மணி நேரம் வேண்டும். செமஸ்டருக்கு மூன்று ரிவ்யூ. ஆக, ஒரு டீம் கமிட்டி முன்னால் நிற்பது மொத்தமே ஒரு மணி நேரம். ஒரு மாணவருக்கு 15 நிமிடம். 10 கிரெடிட்டுக்கு 15 நிமிடம்!

இதில் பிபிடி ஓடுவதற்கே பாதி நேரம் போய்விடும். 'ஃபார்மேட் சரியில்ல, மார்ஜின் மாத்து, ரெஃபரன்ஸ் நம்பர் போடு' என்ற திருத்தங்களில் மீதி போய்விடும். கோடைத் திறந்து "இந்த வரி என்ன பண்ணுது?" என்று கேட்க யாருக்கு நேரம்?

ஆசிரியர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விகிதம். அதே ஆசிரியருக்கு வகுப்பு, லேப், அட்மிஷன் டூட்டி, என்பிஏ ஃபைல் என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. 2024-25 கல்வியாண்டு முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை சீட் வைக்கலாம் என்ற உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கூடும் சீட்கள் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் பார்க்க வேண்டிய டீம்களின் எண்ணிக்கை குறையப் போவதில்லை.

கல்லூரி நிர்வாகத்துக்கு வேண்டியது என்ன? அங்கீகாரக் குழு வந்து கேட்கும்போது எடுத்துக் காட்ட ஒரு ரிப்போர்ட் புத்தகம். ப்ராஜெக்ட்டின் தரம் என்பது என்பிஏ மதிப்பீட்டில் ஒரு தனித் தலைப்பு. பைண்டிங் அழகாக இருந்தால் ஃபைல் முழுமையாகிவிடுகிறது. மாணவருக்கு மார்க் வேண்டும், கைடுக்கு ரிவ்யூ முடிய வேண்டும், நிர்வாகத்துக்கு புத்தகம் வேண்டும். மூன்று பேருக்கும் தேவையானதை ப்ராஜெக்ட் சென்டர் கொடுத்துவிடுகிறது. இதில் யார் புகார் சொல்லப் போகிறார்கள்?

வேறு மாதிரி செய்ய முடியுமா?

முடியும். ஏற்கெனவே சென்னையில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில், பிசினஸ் டேட்டா தொடர்பான ப்ராஜெக்ட்டுக்கு மாணவர் தனக்குத் தெரிந்த ஒரு கடையையோ சிறு தொழிலையோ தேடிப் போய், அவர்களுடைய நிஜத் தரவைச் சேகரித்து, அவர்களுடைய பிரச்னைக்கு வழி சொல்ல வேண்டும். பிறகு வைவா. மளிகைக் கடை அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கணக்கு இணையத்தில் எங்கும் கிடைக்காது. எந்த சென்டரும் அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்க முடியாது. ஏஐ-யிடம் கேட்பதென்றாலும் முதலில் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழி, அரசுத் துறைகளும் தொழில் நிறுவனங்களும் தங்கள் நிஜப் பிரச்னைகளைக் கொடுத்து தீர்வு கேட்கும் போட்டிகள். மத்திய அரசின் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' 2017 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'நிரல் திருவிழா' இருக்கிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் தேர்ந்தெடுக்கும் மாணவர் ப்ராஜெக்ட்களுக்கு நிதியுதவி தருகிறது. ஆனால் இவையெல்லாம் ஆர்வமுள்ள சிலருக்குத்தான் போய்ச் சேருகின்றன. நடுவில் இருக்கும் பெரும் கூட்டத்துக்கு கல்லூரி ரிவ்யூவை மாற்றினால்தான் வழி.

மாற்றுவதற்குப் பெரிய செலவும் இல்லை. கோடை முதல் வாரத்திலிருந்தே கிட்ஹப்பில் ஏற்றச் சொன்னால், யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். அதையும் ஏமாற்றலாம்தான், ஆனால் 15 வாரம் தொடர்ந்து ஏமாற்றுவது செய்வதைவிடக் கஷ்டம். பிபிடிக்குப் பதிலாக, அந்த இடத்திலேயே ஒரு சின்ன மாற்றம் கேட்கலாம். "இந்த ஃபார்மில் போன் நம்பர் 10 இலக்கம் இல்லைன்னா தடுத்து நிறுத்து, பார்ப்போம்." செய்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

இந்த வருஷம் ஃபைனல் இயரில் இருப்பவரா நீங்கள்?

டைட்டில் கொடுத்தாச்சு, இனி மாற்ற முடியாது என்ற நிலையில் இருந்தாலும் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, அதில் ஒரு ஃபைலை எடுத்து அழித்துவிட்டு நீங்களே திரும்ப எழுதிப் பாருங்கள். டேட்டாவைத் திறந்து, எந்த ஊர், எந்த வருஷம், யாருடையது, எங்கே காலியாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் அந்த ஒரு பக்கம் உங்களைக் காப்பாற்றும்.

இலை நோய் ப்ராஜெக்ட் என்றால், பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக்குப் போய் போனில் ஐம்பது படம் எடுங்கள். எந்த இலைக்கு என்ன நோய் என்று ஊர் வேளாண் அலுவலரிடமோ அனுபவமுள்ள விவசாயியிடமோ கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் படங்களை மாடலுக்குக் கொடுங்கள். 99% வராது. என்ன வருகிறதோ அதை அப்படியே ரிப்போர்ட்டில் போட்டு, ஏன் விழுந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.

'ரிசல்ட் குறைவாகக் காட்டினால் மார்க் போய்விடுமே' என்ற பயம் மாணவர்களுக்கு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. குறைந்த எண்ணுக்காக மார்க் குறைக்க மாட்டோம், காரணம் சொல்லாத 99 சதவீதத்துக்குத்தான் குறைப்போம் என்று முதல் ரிவ்யூ அன்றே கமிட்டி வாய்விட்டுச் சொன்னால் போதும். அதற்கு யுஜிசி சுற்றறிக்கையோ புது ரெகுலேஷனோ தேவையில்லை. துறைத் தலைவர் ஒருவர் நினைத்தால் இந்த செமஸ்டரிலேயே நடக்கும்.